வங்கி விழப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "வரிக் குறைப்பு, டொலர் தட்டுப்பாடு, பெற்றோல் வரிசை, ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடியது என்று எல்லாமே நடந்தது. வங்கிகளும் விழும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒன்றும் விழவில்லை. அப்படியென்றால் அரசியலையும் பொருளாதாரத்தையும் வைத்து வங்கி நெருக்கடியைக் கணிக்கலாம் என்பது வெறும் கதைதானா? வாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய பணிக்கொடைக் காசு பாதி வங்கியிலும் பாதி ஒரு பினான்ஸ் கம்பனியிலும் இருக்கிறது."

உங்கள் கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. கணிக்க முடியுமா என்பது ஒன்று. 2022இல் எல்லா அறிகுறியும் இருந்தும் ஏன் விழவில்லை என்பது இரண்டாவது. வாப்பாவின் காசு பத்திரமா என்பது மூன்றாவது. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டாவதற்கு விடை தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் இருந்தேன். பிறகு கொழும்பில் தலைமையகத்தின் இடர் முகாமைப் பிரிவில் பல வருடங்கள். முன்னெச்சரிக்கை மாதிரிகளை, அதாவது நெருக்கடி வருமா என்று புள்ளிவிவரத்தை வைத்துச் சொல்லும் கணக்குகளை, வேலைக்காகப் படித்துப் பயன்படுத்தியிருக்கிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. மத்திய வங்கிக்குள் இருந்தவனும் இல்லை.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. ஷூலாரிக், டெய்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 14 நாடுகளின் கணக்கை 1870 முதல் 2008 வரை எடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடிக்கு முன்னால் மிகத் தெளிவாகத் தெரிந்த அறிகுறி, முந்தைய சில வருடங்களில் கடன் கொடுப்பது வேகமாக வீங்கியதுதான். நாட்டின் வருமானம் நடந்து போக, கடன் ஓடியிருக்கிறது. அரசாங்கத்தின் கடன் அந்த அளவுக்கு நல்ல அறிகுறியாக இருக்கவில்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அயர்லாந்தையும் ஸ்பெயினையும் பாருங்கள். 2007இல் இரண்டு அரசாங்கங்களின் வரவுசெலவிலும் மிச்சம் இருந்தது, அரச கடனும் குறைவு. அடுத்த சில வருடங்களில் அவற்றின் வங்கிகள்தான் படுத்தன, காரணம் வீடு கட்டக் கொடுத்த கடன். அதாவது நெருக்கடி பெரும்பாலும் நல்ல வருடங்களின் முடிவில் வருகிறது. எல்லாரும் கட்டடம் கட்டி, எல்லாரும் வாகனம் எடுத்து, முகாமையாளருக்கு இலக்குத் தாண்டியதற்குப் பரிசு கிடைத்த வருடங்களில் அது உள்ளே வளர்கிறது. இந்தக் கண்டுபிடிப்பின் வழியில்தான் 2010க்குப் பிறகு வந்த பாசல் 3 என்ற சர்வதேச வங்கி விதிகள், மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடும்போது கடன் வழமையான போக்கை விட எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று பார்த்து, வங்கிகளைக் கூடுதல் மூலதனம், அதாவது நட்டத்தைத் தாங்கும் சொந்தக் காசு, வைக்கச் சொல்கின்றன.

இதற்கு ஊர் உதாரணம் ஒன்று உண்டு. 2009க்குப் பிறகு கிழக்கில் என்ன நடந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். ஓட்டமாவடியிலிருந்து பொத்துவில் வரை பிரதான வீதியில் புதிது புதிதாக வங்கிக் கிளைகள், லீசிங் கம்பனிகள், அவற்றுக்குப் பின்னால் குழுக்கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள். கிளையில் இருந்த எங்களுக்குக் கணக்குத் திறந்த எண்ணிக்கையும் கொடுத்த கடனும்தான் இலக்கு. உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், ஆட்டோ, வள்ளத்துக்கு எஞ்சின் என்று ஆசைகளுக்குக் குறைவில்லை. பல வருட யுத்தத்துக்குப் பிறகு அந்த ஆசைகளில் தப்பும் இல்லை. ஆனால் வருமானம் அந்த வேகத்தில் வளரவில்லை. ஒரு பெண் ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் எடுப்பது, அதைக் கட்ட மூன்றாவதில் எடுப்பது என்று போனது. நுண்நிதிக்கென்று ஒரு சட்டம் 2016இல்தான் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறிய நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய இறங்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. உலகின் வங்கி நெருக்கடிகளைத் தொகுக்கும் எந்தப் பட்டியலும் இதை வங்கி நெருக்கடி என்று எழுதவில்லை. ஆனால் கடன் வீங்கி வெடிப்பது எப்படி இருக்கும் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க விரும்பியவருக்கு மட்டக்களப்பு போதுமாக இருந்தது.

கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு அறிகுறி தெரியும், அது கொழும்பு அறிக்கைகளுக்குத் தாமதமாகத்தான் போகும். நகை அடகு. பெரும்போகத்துக்கு விதைக்கும் நேரத்தில் அம்பாறைப் பக்கம் அடகு கூடுவது வழமை. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகும் நகை மீட்கப்படாமல் இருந்தால், அல்லது வட்டியை மட்டும் கட்டிவிட்டு மறுபடி அதே நகையை அன்றைக்கே வைத்தால், அப்போதுதான் கவனிக்க வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த பிறகு வந்த போகத்தில் விளைச்சல் விழுந்தபோது இது வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். ஆனால் அடகை மட்டும் நம்பவும் முடியாது. 2013இல் தங்க விலை விழுந்தபோது விவசாயி நன்றாக இருந்தும் அடகுக் கடன்கள் வங்கிகளுக்குத் தலைவலியாகின. காரணம் உலகச் சந்தை, நம் வயல் இல்லை.

சரி, இவ்வளவு அறிகுறிகள் இருந்தால் ஏன் யாரும் துல்லியமாகச் சொல்வதில்லை? இதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். ஆயிரம் நாட்டு-வருடங்களில் (ஒரு நாட்டின் ஒரு வருடம் ஒன்று என்று எண்ணினால்) நாற்பதில் நெருக்கடி தொடங்குகிறது என்று வையுங்கள். நம்மிடம் நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது: உண்மையான நெருக்கடியில் நூற்றுக்கு எண்பதைப் பிடிக்கும், அமைதியான வருடங்களில் நூற்றுக்குப் பதினைந்தில் மட்டும் பொய்யாக மணி அடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பதில் அது பிடிப்பது 32. மீதி 960 அமைதியான வருடங்களில் பொய்யாக அடிப்பது 144. மொத்தம் 176 தடவை மணி அடிக்கிறது, அதில் உண்மை 32தான், ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மாதிரியில் பிழை இல்லை. நெருக்கடி அரிதாக வருவதால் வரும் தொல்லை இது. அதனால்தான் "அடுத்த வருடம் வங்கிகள் விழும்" என்று யூடியூப்பில் உறுதியாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. அவர் ஒரு நாள் சரியாகச் சொல்லிவிடுவார், நின்ற மணிக்கூடும் அப்படித்தான்.

அரசியலுக்கு வருகிறேன். ஆட்சி ஆட்டம் கண்டால் வங்கி ஆபத்து என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆதாரம் அவ்வளவு நேராக இல்லை. வளரும் நாடுகளைப் பற்றிய ஓர் ஆய்வில் வந்தது என்னவென்றால், அரசாங்கத்தின் செல்வாக்கு ஏறிக்கொண்டு போன காலங்களுக்குப் பின்னால்தான் நிதி நெருக்கடி அதிகம் வந்திருக்கிறது. மக்களின் கைதட்டலை வைத்திருக்க விரும்பும் அரசாங்கம் கடன் வீங்குவதைத் தடுக்காது. நம் நாட்டை எடுங்கள். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு வெட்டியது தள்ளாடிய அரசாங்கம் இல்லை, அப்போதுதான் பெரிய வெற்றியோடு வந்த அரசாங்கம். அடுத்த ஆகஸ்ட்டில் பாராளுமன்றத்திலும் மூன்றில் இரண்டு அளவுக்குப் பலம் கிடைத்தது. பலமான ஆட்சி என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள்தான் அதிகம்.

இன்னொரு முடிவு ஓரளவு உறுதியானது. 1990களில் வளரும் நாடுகளின் பெரிய வங்கிகளை ஆராய்ந்தவர்கள், தேர்தலுக்கு முன்னால் அரசாங்கங்கள் வங்கியை மூடவோ கையகப்படுத்தவோ தயங்கியதையும், தேர்தல் முடிந்த பிறகு அது சட்டென்று நடந்ததையும் காட்டினார்கள். ஆக, தேர்தல் காலண்டர் நோயைச் சொல்லாது. நோய் எப்போது வெளியே அறிவிக்கப்படும் என்பதைச் சொல்லும். என் அபிப்பிராயத்தில் அரசியலை வைத்துக் கணிக்கக்கூடிய விஷயம் இந்தத் திசையில்தான் இருக்கிறது. நெருக்கடி எப்போது வரும் என்று அரசியல் சொல்வது குறைவு. நட்டத்தை யார் தலையில் வைப்பார்கள் என்று சொல்வது அதிகம். மட்டக்களப்பு வாவியில் மாரி மழைக்கு எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அளவுகோல் வைத்து யாரும் பார்க்கலாம், ஆனால் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, யாருடைய வயல் அதுவரை தண்ணீரில் கிடப்பது என்பது மாவட்டச் செயலகக் கச்சேரியில் கூட்டம் போட்டு முடிவாகிற விஷயம்.

இப்போது 2022ஐப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. நாலு நாட்களுக்கு முன்னால்தான் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் ஏற்றியிருந்தது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. எந்த மாதிரியைப் போட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். ஆனாலும் உங்கள் ஊர் வங்கிக் கிளை காலையில் திறந்தது, கேட்ட காசைக் கொடுத்தது.

முதற் காரணம், நம் வைப்புகளில் பெரும்பகுதி ரூபாயில். ரூபாயை மத்திய வங்கி அச்சடிக்கலாம். தட்டுப்பாடாக இருந்தது டொலர். அதனால்தான் வங்கிகளால் இறக்குமதிக்கு நாணயக் கடிதம் (விற்பவருக்குக் காசு வரும் என்று வங்கி கொடுக்கும் உத்தரவாதம்) திறக்க முடியாமல் போய், பால்மாவும் எரிவாயுவும் இல்லாமல் நின்றோம். வைப்பாளரின் ரூபாய்க்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. லெபனானில் இது தலைகீழ். அங்கே வைப்புகளில் பெரும்பங்கு டொலரில் இருந்தது, அவர்களுடைய மத்திய வங்கியால் டொலர் அச்சடிக்க முடியாது. 2019 ஒக்டோபரில் வங்கிகளை மூடினார்கள், திறந்தபோது மக்களால் சொந்தக் காசை எடுக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் அரசாங்கமும் கடனைக் கட்டாமல் விட்டது. கடன் பாரம், அரசியல் குழப்பம், டொலர் பசி எல்லாம் இரண்டு நாட்டிலும் இருந்தன. வைப்பு எந்த நாணயத்தில் கிடந்தது என்ற ஒரு விஷயம் வேறு முடிவுக்குக் கொண்டுபோனது.

இரண்டாவது, கெட்ட கடன் உடனே கெட்டதாகக் காட்டப்படவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் கொரோனாவிலும் தவணைக்குச் சலுகைக் காலம் கொடுத்தார்கள். அது தேவையானதுதான், நானே பல கோப்புகளுக்கு ஆதரவாக எழுதியிருக்கிறேன். ஆனால் சலுகைக் காலத்தில் ஒரு கடன் நல்லதா கெட்டதா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றாவதும் முக்கியமானதும், அரசாங்கக் கடனின் நட்டத்தை உள்நாட்டில் பங்கிட்டபோது வங்கிகளைப் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். 2023 ஜூன் கடைசியில் ஹஜ் பெருநாள் விடுமுறை, அதற்கு அடுத்த நாள் விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, பிறகு போயா என்று ஐந்து நாட்கள் வங்கிகள் மூடிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். அந்த இடைவெளியில்தான் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வங்கிகள் வைத்திருந்த ரூபாய் முறிகளை, அதாவது அரசாங்கம் கடன் வாங்கிக் கொடுத்த பத்திரங்களை, தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த முறிகளைத் தொட்டார்கள், பழையதைக் கொடுத்துவிட்டு 2025 வரை 12 வீதமும் அதற்குப் பிறகு 9 வீதமும் வட்டி தரும் புதியதை வாங்கு, இல்லாவிட்டால் கூடுதல் வரி கட்டு என்று. 2024 வரவுசெலவில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். அதுவும் வரி கட்டுகிறவரின் காசு.

வைப்பாளரும் தப்பவில்லை. 2022 தொடக்கத்தில் பத்து இலட்சம் ரூபாயை ஏழு வீத வட்டிக்கு ஒரு வருடம் வைத்த ஒருவரை எடுங்கள். வருட முடிவில் அவருக்குக் கையில் பத்து இலட்சத்து எழுபதாயிரம். அந்த டிசம்பரில் விலைகள் முந்தைய டிசம்பரை விட 57 வீதம் கூட. பழைய விலையில் பார்த்தால் அவர் காசு ஏழு இலட்சத்துக்கும் குறைவு. ஒரு வங்கியும் மூடாமல், ஒரு கதவிலும் பூட்டுப் போடாமல், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வாப்பாவுக்கும் இது நடந்திருக்கும்.

இதன் மறுபக்கமும் நம் வரலாற்றில் இருக்கிறது. உலகின் வங்கி நெருக்கடிகளைத் தொகுத்த பட்டியல்களில் இலங்கையின் பெயர் 1989க்கு எதிரே இருக்கிறது. வங்கித் துறையின் பெரும்பகுதி அப்போது அரச வங்கிகளின் கையில், அவற்றின் கடனில் மூன்றில் ஒரு பங்கு அளவு திரும்பி வராத நிலை. பிறகு 1993இல் அரசாங்கம் முறிகளைக் கொடுத்து அவற்றின் மூலதனத்தை நிரப்பியது. அந்த வருடங்களைப் பற்றி மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உங்கள் வாப்பாவின் வயதுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். சுற்றிவளைப்பையும் இடப்பெயர்வையும் சொல்வார்கள், வங்கி நெருக்கடி என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார். பட்டியலில் இருக்கும் நெருக்கடியை மக்கள் உணரவில்லை. மக்கள் உணர்ந்த 2022ஐ வங்கி நெருக்கடி என்று எழுதுவதா வேண்டாமா என்பதில் பொருளியலாளர்களுக்குள் வாதம் செய்ய இடம் உண்டு. கணிப்பு மாதிரிகள் எல்லாம் இந்தப் பட்டியல்களை வைத்துத்தான் பயிற்றப்படுகின்றன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதிரிக்கும் பிடிபடாத ஒன்று வதந்தி. மற்றவர்கள் காசை எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே நல்ல வங்கியையும் மக்கள் கவிழ்க்கலாம் என்று 1983இல் டயமண்ட், டிப்விக் என்ற பொருளியலாளர்கள் இருவரும் கணிதமாகவே காட்டினார்கள், பின்னாளில் நோபல் பரிசும் வாங்கினார்கள். 2008 டிசம்பரில் செலான் வங்கிக் கிளைகளுக்கு முன்னால் வரிசை நின்றதற்கு நாட்டின் பணவீக்கத்தில் காரணம் தேடிப் பயனில்லை. அதே குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி விழுந்தது, பயம் வங்கிக்குத் தாவியது. மத்திய வங்கி தலையிட்டு நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது, வரிசை கலைந்தது, அந்த வங்கி இன்றும் இருக்கிறது. அப்போது வரிசையில் நிற்கக் காலாவது வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டொலர் வெளியேறியது, பெரும்பாலும் கைத்தொலைபேசியாலும் கணினியாலும். வாட்ஸ்அப் குழுக்கள் நம் ஊரிலும் இருக்கின்றன.

கடைசியாக வாப்பாவின் காசு. நாடு தழுவிய வங்கி நெருக்கடியை விட உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற ஆபத்து, தனியொரு பினான்ஸ் கம்பனி படுப்பதுதான். 1940இல் தொடங்கிய த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதம் இரத்தானது, ஈ.டி.ஐ. பினான்ஸின் அனுமதி அதே வருடம் ஜூலையில். இரண்டும் பெயர் தெரிந்த நிறுவனங்கள், அனுமதி போவதற்குப் பல காலம் முன்பே தடுமாறியவை. நாடு முழுவதற்குமான குறிகாட்டிகளில் அந்தத் தடுமாற்றம் தெரியாது. அந்தக் கம்பனியின் கணக்கில்தான் தெரியும்.

அதனால் நான் பார்ப்பது இப்படி: முதலில் அந்தக் கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா, பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்திலேயே இருக்கிறது. அப்புறம், அது வைப்புக்குக் கொடுக்கும் வட்டி மற்றக் கம்பனிகளை விட நன்றாகக் கூடவா? கூட என்றால், வேறு யாரும் அதற்குக் கடன் கொடுக்க விரும்பவில்லை என்று நான் சந்தேகப்படுவேன். மூலதன விகிதம் குறைந்துகொண்டே போகிறதா, செயற்படாக் கடன் (தவணை வராமல் நின்ற கடன்) ஏறுகிறதா என்பதை வெளியிடும் நிதி அறிக்கையில் பார்க்கலாம், கிளையில் கேட்டாலும் காட்ட வேண்டும். வைப்புக் காப்புறுதி அனுமதி பெற்ற வங்கிக்கும் பினான்ஸ் கம்பனிக்கும் உண்டு, ஆனால் 2021இலிருந்து ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு உச்சம் பதினொரு இலட்சம் ரூபாய்தான், அதுவும் நிறுவனம் விழுந்த மறுநாளே கைக்கு வராது. பினான்ஸ் கம்பனியில் வாப்பாவின் பெயரில் அதற்கு மேல் இருந்தால், முதிர்ச்சித் திகதி வரும்போது மிச்சத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்குள் இருந்தால், திகதிக்கு முன்னால் உடைத்து வட்டியை இழக்க நான் காரணம் காணவில்லை.